பீப்பாய்க்குள் ஒரு நாள் வேலை

டீசல் புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்துக்கு ஒரு கார்னிவல் வந்து போனதில் எனக்குக் கிடைத்தது இதுதான்.

அன்று காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுப்பதற்காக நாங்கள் வரிசையில் நிற்கும்போது, கணக்கப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"பத்து ஆளு மைதானத்துக்குப் போங்க. இன்னைக்குக் கொழுந்து எடுக்க வேணாம். ராட்டினத்துல ஏறி நின்னாப் போதும், முழுப் பேரு போடுறேன்."

ஒரு நாள் கூலியை நாங்கள் பேர் என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான். அக்காவுக்கு இரத்தம் குறைவு. மலையேறினால் மூச்சு வாங்கும், நிறை வராது. அரைப் பேரிலேயே அவள் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

"சும்மா நிக்கிறதுக்கு முழுப் பேரு யாரு குடுப்பா? வா, போவோம்" என்று என்னையும் இழுத்தாள்.

ராட்டினம் என்று அவர் சொன்னது ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே சுவரில் முதுகைச் சாய்த்து வட்டமாக நிற்க வேண்டும். சுற்றுகிற வேகத்தில் உடம்பு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கார்னிவல் முதலாளி அதற்குப் புது டீசல் மோட்டார் பூட்டியிருந்தார். சாயங்காலம் தோட்டத்து மேனேஜர் துரை வீட்டுப் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள். அதற்குள் எவ்வளவு வேகம் வைக்கலாம் என்று தெரிந்தாக வேண்டுமாம்.

"மணல் மூட்டை வச்சு ஓட்டிப் பார்த்தாச்சு, மெஷின் தாங்குது" என்றார் முதலாளி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே. "ஆளு தாங்குமான்னு மூட்டை சொல்லாதே!"

கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஐயா, அக்காவுக்கு ஒடம்புக்கு முடியாதுங்க. அவள எறக்கி விட்டுருங்க" என்றேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

முதலில் சிரித்தோம். பிறகு கன்னத்துச் சதை காதுப் பக்கம் இழுத்தது. நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் மூச்சு முட்டியது. கையைத் தூக்கப் பார்த்தேன், அசையவே இல்லை. எதிரே நின்றவள் வாந்தி எடுத்தாள். அது கீழே விழாமல் அவள் கன்னத்திலும் பக்கத்தில் நின்றவள் கூந்தலிலும் அப்பிக்கொண்டது. துடைக்கக்கூட அவர்களால் முடியவில்லை. சீ! மனுசரை வைத்துச் செய்கிற வேலையா இது?

"கண்ணு தெரியலடி" என்றாள் அக்கா. அதற்கப்புறம் அவளிடமிருந்து பேச்சில்லை. நிப்பாட்டச் சொல்லி நான் கத்தினேன். வெளியே உயர்ந்த மேடையில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த முதலாளி, இன்னும் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கைகாட்டினார்.

பீப்பாய் நின்றதும் அக்கா சரிந்து விழுந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. தண்ணீர் அடித்ததும் கண்ணைத் திறந்தாள், ஆனால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. முதலாளி அவளைத் தாண்டிப் போய் மோட்டார்க்காரனிடம் கேட்டார்.

"எந்த வேகத்துல மயங்குச்சு? அதுக்கு ஒண்ணு கீழ வச்சுக்க."

பீப்பாயை எங்களையே கழுவச் சொன்னார்கள். கழுவினோம். சாயங்காலம் துரை வீட்டுப் பிள்ளைகள் அந்த ஒன்று கீழான வேகத்தில் சுற்றிச் சிரித்தார்கள். ஒரு பிள்ளைக்கும் தலை சுற்றவில்லை.

அக்காவின் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இடது பக்கம் யாராவது வந்தால் இன்றைக்கும் திடுக்கிட்டுத்தான் திரும்புகிறாள். அன்று கணக்கப்பிள்ளை எனக்கு முழுப் பேர் போட்டார். அக்காவுக்கு அரைதான் போட்டார்.

"ஓட்டம் முடியிறதுக்குள்ள மயங்கிட்டாளே" என்றார்.