நாலாவது புட்டி

அரசாங்கத் தடய அறிவியல் கூடத்தில் அவருக்கு அரக்கு அம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாத நாளும் இல்லை. சந்தேகமாகச் செத்தவர்களின் இரைப்பையையும் ஈரலையும் புட்டியில் போட்டு, துணி சுற்றி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவார்கள். அந்த அரக்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் பார்சலைத் தொடமாட்டார். கொண்டு வந்த போலீஸ்காரர் கெஞ்சுவார். "பஸ்ஸுல வர்றப்போ லேசா இடிச்சிருச்சும்மா. உள்ள ஒண்ணும் ஆகல."

"ஆகலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க உள்ளயா உக்காந்து வந்தீங்க?"

ராத்திரியெல்லாம் பயணம் செய்து வந்த மனிதர் வந்த வழியே திரும்பிப் போவார். பாவம் என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொன்னால், "இதுல பாவம் பாத்தா வேற எவனோ தூக்குல தொங்குவான்" என்பார். வாயை அடைக்கும் பதில். அவருக்கு அப்படிப்பட்ட பதில்கள் நிறையக் கைவசம் இருந்தன.

அவருடைய அப்பா நீதிமன்ற வாசலில் நின்று சாட்சிகளின் பெயரை மூன்று தடவை கூவிக் கூப்பிடும் வேலையில் இருந்தவர். மகள் அந்த வாசலுக்கு உள்ளே போய்ப் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. மகள் ரசாயனம் படித்து, இருபத்து மூன்று வயதில் விஷப் பிரிவில் சேர்ந்து, முப்பத்து நான்கு வருஷம் அதே மேசையில் உட்கார்ந்தார். மேசைக்கு இடப்பக்கம் அமிலம் தின்று பொத்தலான கல் தொட்டி. வலப்பக்கம் புகைபோக்கி வைத்த கண்ணாடிப் பெட்டி; அதன் விசிறி வருஷத்தில் பாதி நாள் ஓடாது. அந்த இடத்தின் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது என்று அவருடைய கணவர் சொல்வார். கணவர் நில அளவைத் துறையில் இருந்தார். "நான் நிலத்த அளக்கிறேன், இவ செத்தவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு அளக்கிறா. எங்க வீட்டுக்கு விருந்தாளி ரெண்டாவது தடவ வர்றதில்ல" என்பது அவர் எல்லாக் கல்யாண வீடுகளிலும் சொல்லும் ஜோக்.

சாட்சிக் கூண்டில் அம்மா ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் இரண்டு கேள்வியோடு உட்கார்ந்துவிடுவார்கள். குறுக்கு விசாரணை செய்து என்ன ஆகப்போகிறது? அவர் சொன்னால் சொன்னதுதான். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விஷ வழக்குக்கு நாலு புட்டி வரும். முதல் மூன்றில் இரைப்பை, ஈரல், சிறுநீரகம். அவை கெட்டுப்போகாமல் இருக்க முட்ட முட்ட உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கும். நாலாவது புட்டியில் உடலின் பாகம் எதுவும் கிடையாது. வெறும் உப்புத் தண்ணீர், மற்ற மூன்றுக்கும் ஊற்றிய அதே தண்ணீர். அது எதற்கு? தண்ணீரிலேயே விஷம் இருந்துவிட்டால் பிணத்தில் இருந்ததாகத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்கு. ஆகவே நாலாவதையும் சோதிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் அம்மா எல்லாவற்றையும் சோதித்தார். ஆயிரம் புட்டி பார்த்திருப்பார், ஆயிரமும் சுத்தம்.

பிறகு வழக்குகள் குவிந்தன. ஆட்கள் ஓய்வு பெற்றார்கள், காலியான நாற்காலிகள் காலியாகவே இருந்தன. இயக்குநர் ஒரு கூட்டத்தில் சொன்னார்: "நாலாவது புட்டிய மாசத்துக்கு ஒண்ணு பாத்தாப் போதும். உப்புத் தண்ணியில என்ன இருக்கும்? உப்பு இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அறிக்கைப் படிவத்தில் "நான்காவது புட்டியில் விஷம் எதுவும் காணப்படவில்லை" என்ற வரி அச்சடித்தே வந்தது. அதன் கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அரக்கில் விரிசலைக் கண்டுபிடிக்கும் கண்கள் அந்த வரியின்மேல் தினமும் போய்வந்தன, ஒன்றும் உறுத்தவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி.

அந்தக் காலத்தில் வந்த வழக்குதான் தையற்காரியின் வழக்கு. அவளுடைய புருஷன் ஒரு பகல் முழுக்க வாந்தியெடுத்துச் செத்துப்போனான். அவன் அவளை அடிப்பது தெருவுக்கே தெரியும். அவள்தான் சமைத்துப் போட்டாள். ஈரலில் ஆர்சனிக் இருந்தது. அம்மா கூண்டில் ஏறி அதைச் சொன்னார். இவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது தையற்காரி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஆயுள் தண்டனை.

ஆயுள் தண்டனையில் முடிந்த வழக்குகளின் எண்களை அம்மா ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தார். ஏன் என்று யாராவது கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

எட்டு வருஷம் கழித்து, அம்மா ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கையில், கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. மற்றப் புட்டிகள் தீர்ப்பு வந்ததும் உத்தரவுப்படி அழிக்கப்பட்டிருந்தன. நாலாவது புட்டிகளை மட்டும் தனி அலமாரியில் தள்ளி வைத்து எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டியில் கொட்டத் தொடங்கினார். நாற்பதுக்கு மேல் கொட்டியிருப்பார். அடுத்த புட்டியின் எண் நோட்டில் இருந்த எண் என்று பார்த்ததும் தெரிந்தது. தையற்காரி.

அரக்கு அப்படியே இருந்தது. இதையாவது ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொட்டலாமே என்று தோன்றியது. சுத்தமாகத்தான் இருக்கும், மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். அந்த எண்ணத்தில்தான் அவர் அரக்கை உடைத்தார். சந்தேகப்பட்டு உடைத்திருந்தால் சாட்சிக்கு ஆள் கூப்பிட்டிருப்பார், கோர்ட்டுக்கு எழுதியிருப்பார், படம் எடுத்திருப்பார். நம்பிக்கையோடு உடைத்ததால் தனியாக உடைத்தார்.

அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆர்சனிக் பட்டால் கறுக்கும் செம்புத் தகட்டை உள்ளே விட்டார். தகடு கறுத்தது. இரண்டாவது தகடும் கறுத்தது. கருவியில் வைத்து அளந்தார். ஈரலில் இருந்ததைவிடத் தண்ணீரில் அதிகம். அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று முன் கொட்டிய நாற்பது புட்டித் தண்ணீர் அந்தத் தொட்டி வழியாகத்தான் போயிருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனார். அங்கே பழைய ஊழியர் ஒருவர் இருந்தார். "அந்தக் காலத்து டின்னா? களைக்கொல்லி வந்த டின்னும்மா. தெடமான டின்னு, வீணாப் போடுவானேன்னு உப்புத் தண்ணி கரைச்சு வச்சோம். நல்லாக் கழுவிட்டுத்தான் ஊத்துனேன்" என்றார் அவர். ஆர்சனிக் கலந்த களைக்கொல்லி. நல்லாக் கழுவினாராம். பின்னால் கோர்ட்டில் கேட்டபோது அவருக்கு டின்னும் நினைவில்லை, தண்ணீரும் நினைவில்லை.

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ஏழு மாசம். மாலையப் போட்டுக்கிட்டு மரியாதையா வீட்டுக்குப் போகலாம். கொட்டிட்டு மறந்துடுங்கம்மா."

"என்னால ஒரு பொம்பள உள்ள இருக்கா சார்."

"உங்களாலயா? புருஷனக் கொன்னதால இருக்கா. தண்ணியில இருந்துச்சுன்னா, அவ கொடுக்கவே இல்லேன்னு ஆயிடுமா?"

அது உண்மைதான். தண்ணீர் விஷம் என்றால் அவள் கொடுக்கவில்லை என்று ஆகாது. கொடுத்தாள் என்று சொல்ல எதுவும் இல்லை என்று ஆகும். ஆனால் அதற்கே ஒருத்தியை வெளியே விட வேண்டும் என்பதுதானே சட்டம்?

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லைக்கல்லத் தப்பா நட்டா மறுபடி அளந்து நடலாம். நீ எதப் போய் மறுபடி அளப்ப?" என்றார். ஜோக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மா அன்றைக்கே கோர்ட்டுக்கு எழுதினார். இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் கிடைத்தார். கெட்டிக்காரர், இரக்கமுள்ளவர், கையில் இருநூறு வழக்கு. எட்டு வாய்தாவுக்குப் பிறகு மனு விசாரணைக்கு வந்தது. அதற்குள் அம்மா மாலை இல்லாமல் ஓய்வு பெற்றிருந்தார்.

அரசு வக்கீல் பழைய ஆள். இருபது வருஷம் அம்மாவின் சாட்சியத்தை வைத்தே வழக்குகளை ஜெயித்தவர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"இந்தப் புட்டியத் திறந்தப்போ பக்கத்துல யாரும்மா இருந்தாங்க?"

"யாரும் இல்ல."

"கோர்ட்டு உத்தரவு?"

"இல்ல."

"எட்டு வருஷமா பூட்டில்லாத அலமாரியில இருந்துச்சா?"

"ஆமா."

அவர் கொஞ்ச நேரம் தாளைப் புரட்டினார். கேட்கவே அவருக்கு மனசில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. "இதே நிலைமையில, அரக்கு உடைஞ்சு போன இந்தப் புட்டிய ஒரு போலீஸ்காரர் உங்க மேசைக்குக் கொண்டு வந்தா வாங்குவீங்களா?"

வாங்குவேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். சட்ட உதவி வக்கீல் அவரையே பார்த்தார். அம்மா கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வாய் பழகிய வழியில்தான் போனது.

"வாங்க மாட்டேன்."

மனு தள்ளுபடி ஆனது. முப்பத்து நான்கு வருஷம் அப்பழுக்கில்லாமல் பணி செய்த நிபுணர் அன்று சத்தியம் செய்து சொன்னதை நம்பலாம்; இன்று சொல்வது ஓய்வு பெற்ற ஓர் அலுவலரின் மனச்சஞ்சலம் என்று உத்தரவு எழுதியிருந்தது. அவருடைய நல்ல பெயரைக் கொண்டே அவர் வாயை அடைத்துவிட்டார்கள். மேலே போகலாம் என்றார் சட்ட உதவி வக்கீல். போகலாம் என்று சொன்னாரே தவிர, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

அம்மா சிறைக்குப் போனார். நேர்காணல் அறையில் நீள மேசை, நடுவே கம்பி வலை. தையற்காரிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. சிறையில் சீருடை தைக்கும் வேலை. விரல் நுனிகளெல்லாம் ஊசிக் குத்து. அம்மா எதையும் மறைக்காமல் சொன்னார். நாலாவது புட்டி, டின், தான் பார்க்காமல் போட்ட கையெழுத்து, தள்ளுபடியான மனு. திட்டுவாள், அழுவாள், வலையைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

தையற்காரி விரல் நுனியிலிருந்த ஊசிக் குத்தைத் தடவினாள். "அப்போ நான் செய்யலியாம்மா?" என்றாள்.

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "அது உனக்குத்தானேம்மா தெரியும்?"

"எனக்கு முதல்ல தெரிஞ்சுதும்மா, நான் செய்யலேன்னு. அப்புறம் நீங்க கோர்ட்டுல வந்து சொன்னீங்க. அவ்வளவு படிச்சவங்க, நின்னு நெதானமாச் சொல்றீங்க. அடுப்பங்கரையில எலி மருந்து இருந்துச்சு, மாவு டப்பாவுக்குப் பக்கத்துல. கைதவறி விழுந்திருக்குமோன்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சு, கைதவறியா, வேணுமின்னேவான்னு எனக்கே பிடிபடாமப் போச்சு. அந்த ஆளு சாகணும்னு எத்தன தடவ வேண்டியிருக்கேன். அந்த வேண்டுதல்ல கையும் சேந்திருக்கும்னு நம்பிட்டேன்."

அம்மா நாற்காலியை வலைக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"மக வந்து இதே இடத்துல உக்காந்து கேட்டா, நீதானாம்மான்னு. ஆமான்னு சொன்னேன். எந்திரிச்சுப் போனவதான், அஞ்சு வருஷம் ஆச்சு."

"ஏன்மா அப்படிச் சொன்ன?"

"ரிப்போர்ட்டுல இருந்துச்சே" என்றாள் தையற்காரி, இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல. பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். "அப்போ அவரு எதுலதான் செத்தாரு?"

எட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆர்சனிக் கிடைத்ததும் தேடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்; அம்மாதான் முதலில் நிறுத்தினார். ஈரலும் இல்லை, இரைப்பையும் இல்லை, இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. "தெரியலம்மா" என்றார். முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு அழுதார். காவலாளி மணியைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அழுகை அடங்கும்வரை தையற்காரி காத்திருந்தாள். "நான் இங்கயே கெடந்தாலும் பரவால்லம்மா, பழகிப் போச்சு. என் மககிட்ட மட்டும் எழுதிச் சொல்றீங்களா? நான் சொன்னா இனிமே நம்ப மாட்டா. உங்க கையெழுத்த நம்புவா. ஒரு தடவ நம்பினவதானே."

"எழுதறேம்மா. எங்க இருக்கா உன் மக?"

"அதுதான் தெரியல. கல்யாணமாகிப் போயிட்டாளாம், பேரக்கூட மாத்திக்கிட்டாளாம்" என்றாள் தையற்காரி. பிறகு அம்மாவை முழு நம்பிக்கையோடு பார்த்தாள். "நீங்க கண்டுபிடிச்சிருவீங்கம்மா. உங்க வேலையே அதுதானே."