நான் சொல்லிக் கொடுக்காத பெயர்

என் தம்பி மனைவியை இந்த நாட்டை விட்டு அனுப்பியது நான்தான்.

இமிகிரேஷன் அல்ல. லாயர் அல்ல. அவளுடைய பிடிவாதமும் அல்ல. நான்! கூடப் பிறந்த அக்காள்.

ஏதோ தெரியாமல் செய்திருப்பாள் என்று நீங்கள் எனக்காக இரக்கப்பட வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

தம்பி பெயர் மாரிமுத்து. ஈஜோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். அதே தோட்டத்தில் நான் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். எனக்கு ஒரே மகள், கலா. அவள் வயதுக்கு வந்த நாளிலேயே அவளுக்கு மாமன்தான் என்று மனத்தில் முடித்து வைத்திருந்தேன். அக்காள் மகள் இருக்கும்போது வெளியில் பெண் எடுப்பது எங்கள் லயத்து வீடுகளில் வழக்கம் இல்லை.

ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தமிழ்நாட்டுக்குப் போனான். பவுனு என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு திரும்பினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

பவுனு நல்லவள். அதுதான் எனக்கு எரிச்சல். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கோபம் உள்ளேயே கிடந்து புளித்தது.

புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பெண்கள் பலரும் சொல்வதில்லைதான். இவள் இன்னும் ஒரு படி மேலே. அவன் பெயரில் இருக்கிற 'மாரி'யையும் சொல்ல மாட்டாள். குழாயடியில் பெண்களுக்கு இதுதான் விளையாட்டு.

"பவுனு, எங்க கெளம்பிட்ட?"

"கோயிலுக்குக்கா."

"எந்தக் கோயிலுலா?"

"அம்மன் கோயிலு."

"அம்மனுக்குப் பேரு இல்லியா?"

"மழையம்மன்."

"அடியே கேட்டீங்களா! புருசனுக்காக சாமி பேரையே மாத்திட்டா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவள் இங்கே இருந்தது விசிட் பாஸில். முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். தம்பிக்கு நீல ஐசி, இந்த நாட்டுக் குடிமகன் என்கிற அடையாள அட்டை. அவன் மனைவி என்ற முறையில் அவளுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம் என்றார் கோல சிலாங்கூரில் ஒரு லாயர். நம் ஆள்தான். கல்யாணத்தைப் பதிந்திருந்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. மிச்சம் இருந்தது நேரில் கூப்பிட்டு விசாரிப்பது மட்டும். பவுனுக்கு மலாய் வராது. எனக்குச் சந்தையில் பழகிய மலாய் உண்டு. மொழி சொல்ல நான் கூடப் போவதென்று முடிவானது.

அதற்கு முன்பு லாயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தம்பியும் பவுனும் கீழே கடையில் இருந்தார்கள்.

"அக்கா, உள்ள புருசன் பேரக் கேப்பாங்க. நம்ம பொம்பளைங்க வாயத் தெறக்க மாட்டாங்க. அவங்களுக்கு அது வெளங்காது. பொய்க் கல்யாணம்னு எழுதிட்டா போச்சு. எனக்கு ஒரு கேஸ் அப்படித்தான் கெட்டுது. நீங்க பொம்பள, நீங்க சொன்னாக் கேக்கும். வீட்டுல சொல்லச் சொல்லிப் பழக்கி விடுங்க."

"சரி லாயர்."

சரி என்றேன். பழக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய் வரை வந்தது... கலாவின் முகம் வந்தது... விழுங்கிவிட்டேன்.

விசாரித்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண். சிடுசிடுப்பு இல்லாதவள். தம்பியை வேறு அறையில் விசாரித்தார்கள். வீட்டில் என்ன சமையல், அவன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறான், மாமியார் எப்போது செத்தாள்... பவுனு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நானும் சரியாகவே மாற்றிச் சொன்னேன்.

பிறகு, புருஷன் பெயர் என்ன என்று கேட்டாள்.

பவுனு தலையைக் குனிந்தாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க" என்றாள். அதிகாரி என்னைப் பார்த்துக் கையைக் காட்டித் தடுத்தாள். அவள்தான் சொல்ல வேண்டுமாம். மறுபடி கேட்டாள். பவுனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. சேலை முனையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினாள். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்? தெரியாதா?

எங்கள் வழக்கம் அம்மா, என்று சொல்லியிருக்கலாம். அதற்கான மலாய் என்னிடம் இருந்தது! மீன்காரனிடம் அரை மணி நேரம் சண்டை போடத் தெரிந்தவள் நான்!

"தாக் தாவு" என்றேன். எனக்குத் தெரியாது என்றேன்.

அனுமதி கிடைக்கவில்லை.

அதோடு நின்றேனா? இல்லை. அப்பீல் போடலாம் என்றார் லாயர். வழக்கத்தைத் தானே விளக்கி எழுதுவதாகவும், மாரிமுத்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லிக் குடுத்தீங்கதானேக்கா?"

"சொன்னேன் லாயர். அவதான் கேக்கல."

தம்பியோடு பவுனும் பக்கத்தில்தான் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'அண்ணி சொல்லவே இல்ல' என்று சொன்னால் போதும். நான் அங்கேயே செத்திருப்பேன். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அந்த வாய் எனக்காகவும் ஏன் மூடிக்கொண்டது? இதை நினைத்தால் இன்றைக்கும் அவள்மேல் கோபம் வருகிறது. காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா?

தம்பி அவள்மேல் பாய்ந்தான்.

"லாயரு சொல்லி, எங்கக்கா சொல்லிக் குடுத்தும் என் பேரு ஒன் வாயில வரலன்னா, அப்பறம் எதுக்குடி ஒனக்கு நானு?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். லாயர் எவ்வளவோ சொன்னார். அவன் படி இறங்கிப் போய்விட்டான். பாஸ் முடிந்தது. பவுனு ஊருக்குப் போனாள்.

கலாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். அவள் சிரித்தாள்.

"என்னத் தோள்ல தூக்கி வளத்த மாமாவையா? பைத்தியமாம்மா ஒனக்கு? அத்தைய அனுப்பிட்டு என்ன வேற கட்டணுமா?"

செரண்டா ஊர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ரவாங் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்கிறவன். நான் யாருக்காகச் செய்தேனோ அவள் அதைக் கேட்கவே இல்லை... தூ!

பவுனிடமிருந்து கடிதங்கள் வந்தன. தம்பி பதில் போடவில்லை. பிறகு வருவது நின்றது.

இப்போது அவன் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். "புருசன் பேரச் சொல்லாத திமிரு புடிச்சவ" என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான். நான் குழம்பு ஊற்றுகிறேன். "ஒன்ன விட்டா எனக்கு யாருக்கா இருக்கா" என்கிறான். இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன்.

அவனிடம் சொல்லிவிடு என்கிறீர்களா? இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, லாயர் இருக்கிறார், அவளும் அங்கே இருக்கிறாள் என்கிறீர்களா?

எனக்கும் தெரியும்! ஆனால் சொன்னால் அவன் இந்த வாசல் மிதிக்க மாட்டான். அப்புறம் அவனுக்கு யார் சோறு போடுவது?

பார்த்தீர்களா... இப்போதும் அவன் பசியைத்தான் சாக்குச் சொல்கிறேன்.