நிற்கிற மாதிரி வரை

எனக்கு ஓவியம் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த காலத்தில், நஞ்சன்கூடு சாலையில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வருகிற சட்டைகளில் விட்டுப்போன தையல், நூல் பிசிறு, எண்ணெய்க் கறை பார்த்து ஒதுக்குகிற வேலை. அப்பா கட்டடங்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். அம்மா ஒரு பெண்கள் விடுதியில் சமையல். எல்லையோரத்து ராமாபுரத்தில் இருந்த மேட்டு நிலம் விளையாமல் கைவிட்ட பிறகு மைசூருக்கு வந்தவர்கள் நாங்கள். ஸ்ரீராம்புரத்தில் சின்ன வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கட்டில்மேல் அட்டையைச் சாய்த்து வைத்து வரைவேன். சாமுண்டி மலை, குக்கரஹள்ளி ஏரி, அரண்மனை விளக்குகள். எல்லாம் போனில் பார்த்து வரைந்தவை. பார்க்கிறவர்கள் போட்டோ மாதிரியே இருக்கிறது என்பார்கள். எனக்கு அது பெரிய பெருமை. என்றாவது ஒருநாள் சட்டைகளை விட்டுவிட்டு இதையே செய்வேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

கூட வேலை பார்த்த ஒருத்தியின் அம்மா, சரஸ்வதிபுரத்தில் ஒரு ஓவியர் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவள் மூலம் அந்த ஓவியர் அம்மாளைப் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம். வீட்டில் பேசுகிற தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இல்லை என்றாலும், தமிழ் என்பதே எனக்குத் தைரியமாக இருந்தது. படங்களைச் சோபாவில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன்.

"இந்த நாற்காலிக்கு ஒரு கால் வளைஞ்சிருக்கே, பார்த்தியோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். வளைந்துதான் இருந்தது.

"உனக்குக் கை நன்னா வந்திருக்கு. ஆனா நீ எதையும் பார்க்கலை. ஏற்கெனவே தெரிஞ்சதைப் போடறே." படங்களை அவரே அடுக்கிக் கொடுத்தார். "நான் யாருக்கும் கத்துக்குடுக்கறதில்லைம்மா. வேலையை மட்டும் விட்டுடாதே."

வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரை அழாமல் நடந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அடுத்து நான் கண்டுபிடித்தவர் குவெம்பு நகரில் ஒரு மாடியில் ஓவியப் பள்ளி நடத்தினார். கன்னடத்தில் மிக இனிமையாகப் பேசுவார். என் ஏரிப் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "உன் விரலில் சரஸ்வதி இருக்கிறாள் மகளே, எங்கே ஒளிந்திருந்தாய் இத்தனை நாள்?" என்றார். தினமும் வந்தால்தான் கலை பிடிபடும், ஆண்டு முடிவில் கண்காட்சியில் உனக்கு ஒரு சுவர் தருகிறேன் என்றார். நான் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பாதான், "புடிச்சதச் செய்யட்டும் வுடு, நான் இருக்கறேனில்ல" என்றார்.

தினமும் போனேன். குழந்தைகளுக்கு மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லித் தந்தேன், பிரஷ்களைக் கழுவினேன், தரையைத் துடைத்தேன். அவர் எனக்கென்று உட்கார்ந்து ஒரு கோடு சொல்லித்தந்ததில்லை. கேட்டால், "உனக்கு நான் என்ன சொல்வது, உன்னிடம் எல்லாம் இருக்கிறதே" என்பார். ஒரு சனிக்கிழமை புதிதாகச் சேர வந்த ஒரு சிறுமியின் அம்மாவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். சிறுமி வரைந்திருந்தது ஒரு வாத்து. அவர் எழுந்து நின்றார். "இவள் விரலில் சரஸ்வதி இருக்கிறாள், எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் இத்தனை நாள்?" என்றார். அதே குரல், அதே மூச்சு. அடுத்த அறையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன் நான். கண்காட்சியில் எனக்குக் கிடைத்தது மாடிப்படி திரும்புகிற இடம். ஏறுகிறவர்கள் படியைத்தான் பார்த்தார்கள்.

அதன்பிறகும் நான் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

கோடை தொடங்கியபோது அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். பலகை சறுக்கிவிட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று மருத்துவர் கன்னடத்தில் சொன்னார். அம்மாவுக்குப் புரியாத மாதிரி மெதுவாகத்தான் சொன்னார், அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அம்மா விடுதிக்குப் போயாக வேண்டும். வேலை இல்லாதவள் நான். அப்பாவைப் புரட்டிவிடுவது, துடைப்பது, மூத்திரப் பை மாற்றுவது எல்லாம் என்னுடையது ஆயிற்று. முதல் சில நாட்கள் அவர் கண்ணை மூடிக்கொள்வார். மகள் செய்வதைப் பார்க்க முடியவில்லை அவருக்கு.

பகல் நீளமாக இருந்தது. ஃபேன் சத்தம் மட்டும். நான் அட்டையை எடுத்தேன். முதல் நாள் அவர் தூங்கும்போதுதான் வரைந்தேன். பிறகு விழித்திருக்கும்போதும்.

"எதுக்குக் கண்ணு என்னையப் போயி வரையற?"

"சும்மாதான்ப்பா."

"அப்ப நிக்கற மாதிரி வரை. படுத்துக் கெடக்கறவனை எவன் பாப்பான்."

நிற்கிற மாதிரி வரைந்து பார்த்தேன். பல தடவை. அவர் நின்றபோது எப்படி நின்றார் என்று எனக்குத் தெரியவே இல்லை. தோள் எந்தப் பக்கம் சாயும், கையை எங்கே வைத்துக்கொள்வார், எதுவும் நினைவில் இல்லை. இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்தும் அவரை நான் பார்த்திருக்கவில்லை. காகிதத்தில் வந்தது யாரோ ஒரு ஆள். கிழித்துப் போட்டேன்.

பிறகு முன்னால் இருந்ததை வரைந்தேன். கன்னம் ஒட்டி, மேலே தெரிகிற எலும்பு. சிமெண்ட் அரித்து நகம் தேய்ந்த விரல்கள் போர்வையைப் பிடித்திருந்த விதம். போர்வைக்குள் கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல ஒரு பக்கமாய் விழுந்து கிடந்தன. குழாயும் பையும்கூட. நிறம் எதுவும் போடவில்லை, கரி மட்டும். பல நாட்கள் ஆயின. முடிந்தபோது எனக்கே பயமாக இருந்தது. நான் அதுவரை வரைந்த எதுவும் இப்படி என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்பா காட்டச் சொன்னார். வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "இப்பிடியா கெடக்கறேன்?" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அம்மா வந்து ஊட்டினாள்.

மறுநாள் காலையில் அவராகவே பேசினார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கற. அதுதான் சங்கடம்." கொஞ்ச நேரம் கழித்து, "நான் இருக்கற மட்டும் வேற யாருக்கும் காட்டாத சாமி. போன பொறவு உன்ற இஷ்டம்" என்றார்.

மழைக்காலத்தில், படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண்ணில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

மாலை போட ஒரு போட்டோ இல்லை. ஸ்டூடியோக்காரர் ஆதார் அட்டையிலிருந்து முகத்தை எடுத்து, கோட்டு சூட்டு போட்ட ஒரு உடம்பில் ஒட்டிக் கொடுத்தார். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்பா அதில் நிற்கிறார், பின்னால் நீலத் திரை.

சில மாதம் கழித்துக் கரிப்படத்தைச் சுருட்டிக்கொண்டு சரஸ்வதிபுரம் போனேன். அந்த அம்மாளுக்கு என்னை நினைவில்லை. நாற்காலி என்றதும் தலையசைத்தார். படத்தை மேசையில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தார்.

"யாரு?"

"எங்கப்பா."

"இருக்காரா?"

"இல்லைங்கம்மா."

"இதை அவர் பார்த்தாரோ?"

பார்த்தார் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். இப்போதாவது என்னைச் சேர்த்துக்கொள்வார் என்றும் எதிர்பார்த்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

"என் ஆத்துக்காரர் கடைசியில கிடந்தப்போ நானும் வரைஞ்சேன்" என்றார். "என் பிள்ளை அத்தனையும் கிழிச்சுட்டான். அப்புறம் இந்தாத்துக்குள்ள அவன் காலெடுத்து வைக்கலை." படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது சரியா இருக்கு. இப்படியே போயிண்டிருந்தா உன் மனுஷாளுக்கு உன்னைக் கண்டா பயமாயிடும். அதை நான் எப்படிக் கத்துக்குடுப்பேன், சொல்லு?"

ஆனால் ஊரில் ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கண்காட்சியின் பொறுப்பாளர்களிடம் அவரே போனில் பேசினார். படத்தை எடுத்துக்கொண்டார்கள். நல்ல சுவர், நேர் எதிரே வெளிச்சம். முதல் நாள் கூட்டம் அதன் முன்னால் நின்றது. ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதற்குத்தான் இத்தனை காலம் ஆசைப்பட்டேன் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை.

கடைசி நாள் அம்மாவைக் கூட்டிப்போனேன். விடுதியிலிருந்து நேரே வந்திருந்தாள், புடவையில் சாம்பார் வாசனை. படத்துக்குப் பக்கத்தில் போனாள். காவலுக்கு இருந்தவர் தொடாதீர்கள் என்பதற்குள் அப்பாவின் கை இருந்த இடத்தில் விரலை வைத்துவிட்டாள். கரி லேசாகக் கலைந்தது.

"கை இப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், "இத வூட்டுக்குக் கொண்டாராத" என்றாள்.

கொண்டுபோகவில்லை. படம் சரஸ்வதிபுரத்து அம்மாள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கலைந்த இடத்தை நான் சரிசெய்யவில்லை. எனக்கு இன்னொரு கார்மெண்ட்ஸில் அதே செக்கிங் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் வாய் திறந்து தூங்குகிற பெண்களை வரைகிறேன். முன்சீட்டுக்காரி ஒருநாள் தன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இறங்குகிற வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.