ஐடா நர்ஸும் இரண்டு நோட்டுகளும்

ஐடா நர்ஸுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடி கழன்று மேஜைக்கு வரும். குரல் அதற்கு அப்புறம்தான். 1967 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கண்ணாடி மேஜையில் கிடந்தது. எதிரே ஆறு சோதனைக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஆறிலும் நீல மருந்து கொதித்துச் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. அதாவது, ஆறு பேருக்கும் சிறுநீரில் சர்க்கரை.

ஆறு பேரும் ஒரே டிம்பர் கேங். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர்கள். அவர்களில் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டிய கொர்னேலியஸ் மேஸ்திரி. மற்ற ஐந்து பேரும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயதுப் பையன்கள்.

"ஒரே நாள்ல அஞ்சு பேருக்கும் சேர்ந்து சர்க்கரை வியாதி வந்துச்சா? என்னை இன்னான்னு நெனச்சுக்கினாங்க?" என்றாள் ஐடா.

பாட்டில் கழுவிக்கொண்டிருந்த ஆயா ஜெயம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அத்தினியும் மேஸ்திரியோடதுதான், ஐடாம்மா. நேத்து அவரு பின்பக்கம் கொடத் தண்ணி குடிச்சிக்கினு அரை மணி நேரம் நின்னுக்கினு இருந்தாரு. பசங்க பாட்டில் பாட்டிலா எடுத்துக்கினு போனாங்க."

ஐடாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தச் சோதனையை நடத்த வைப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஐடா தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் பிறந்தவள். வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து, 1958-ல் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன டிஸ்பென்சரிக்கு வந்தாள். முதல் எட்டு வருடம் பெண்கள் பகுதி. அப்புறம் ஆள் போதவில்லை என்று ஆண்கள் பகுதி நோட்டையும் சோதனை மேஜையையும் அவள் தலையில் கட்டினார்கள். இரண்டு நோட்டும் ஒருத்தி கைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

ஆண்கள் நோட்டில் பெயரே கிடையாது. சுரங்கத்து டோக்கன் நம்பர்தான். பெண்கள் நோட்டில் பெயரும் லைன் வீட்டு நம்பரும். ஒருத்தன் வெட்டை என்கிற பால்வினை நோயோடு வருவான், தலையைக் குனிந்துகொண்டே ஊசி போட்டுக்கொண்டு போவான். மூன்று மாதம் கழித்து அவன் மனைவி அடிவயிற்று வலி என்று பக்கத்து ஜன்னலுக்கு வருவாள். அவளுக்கு ஒரு பாட்டில் சிவப்பு மிக்சர் மருந்து. இரண்டு ஜன்னலுக்கும் நடுவே இருந்தது ஒரு மரத் தட்டிதான். ஆனால் இந்தப் பக்கத்து டோக்கனும் அந்தப் பக்கத்து வீட்டு நம்பரும் ஒரே குடும்பம் என்று யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஐடா பார்த்தாள். குடும்ப மருந்துச் சீட்டில் டோக்கன் நம்பரும் வீட்டு நம்பரும் சேர்ந்தே இருக்கும். அந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்து ஒப்பிட்டாள். கல்யாணமாகி மூன்று வருடத்துக்கு மேலாகியும் குழந்தை இல்லை என்று வந்த பெண்கள் நாற்பத்தொரு பேர். அதில் இருபத்தாறு பேருடைய புருஷன்மார் பக்கத்து ஜன்னலில் வெட்டைக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள். அந்த இருபத்தாறு மனைவிகளில் ஊசி போடப்பட்டவள் ஒருத்திகூட இல்லை. கவனிக்காமல் விட்ட நோய் மெல்ல மேலே ஏறிக் கருக்குழாயை அடைத்துவிடும். அடைத்துக்கொண்ட பிறகு ஊசியும் பலிக்காது, வேண்டுதலும் பலிக்காது. அதற்கு முன்னால் பிடித்தால் சில ஊசிகளோடு போய்விடும். பிடிப்பதற்கு வேண்டிய விவரம் முழுக்க நோட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான்கு பக்கம் எழுதி டாக்டரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். மேலே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆண்கள் விவரமும் பெண்கள் விவரமும் தனித்தனிப் படிவத்தில் அனுப்பப்பட வேண்டுமாம். அன்றைக்கு முழுவதும் ஐடா கண்ணாடியே போடவில்லை.

நச்சரித்து நச்சரித்து அவள் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். கீழே இறங்குகிற எல்லா ஆண்களுக்கும் வருடத்துக்கு ஒரு தரம் சிறுநீர்ச் சோதனை. சீழ் தெரிந்தால் கூப்பிட்டு வைத்தியம். உடனே, சோதனையில் தோற்றவனைக் கீழே இறங்க விடாமல் கூலி குறைந்த தரைமேல் வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டான். அதற்குப் பலன்தான் இந்த ஆறு குழாய்.

அந்த ஐந்து பையன்களில் ஒருவன் வாசு. அவன் மனைவி ராஜம், கல்யாணமாகி எட்டு மாதம். அடிவயிற்று வலி என்று இரண்டு தடவை வந்துவிட்டாள். இரண்டாவது தடவை நிமிர்ந்து நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐடாவுக்கு அவளைப் பற்றித்தான் கவலை. இவள் நாற்பத்திரண்டாவது ஆள் ஆகிவிடக் கூடாது.

அன்று மாலை ஷிப்ட் விட்டதும் மேஸ்திரியை வாசலிலேயே மறித்தாள். அவர் அவளுடைய சர்ச்சில் மூப்பர். பீடி, சாராயம் என்று எதையும் தொடாதவர்.

"மேஸ்திரி அண்ணா, நேத்து எத்தினி பாட்டில் குடுத்தீங்க?"

"ஆறு. மேஸ்திரின்னா கேங்குக்குப் பொறுப்பு, ஆறு குடுக்கணும், டாக்டர் ஆர்டர்னு பசங்க சொன்னாங்க." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "இன்னாம்மா, பத்தலையா?"

ஐடா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் விஷயத்தைச் சொன்னாள். முதலில் அவருக்குச் சர்க்கரை இருப்பதைச் சொன்னாள், அதை அவர் காதில் வாங்கவே இல்லை. ஐந்து பாட்டில் எதற்குப் போனது என்று கேட்டபோதுதான் அவர் முகம் கறுத்தது.

மறுநாள் சுரங்கத்துக் கூண்டு மேலே வந்து நின்றதும் ஐந்து பேரையும் குளிக்கக்கூட விடாமல் நேரே டிஸ்பென்சரிக்கு ஓட்டி வந்தார். ஒவ்வொருவன் பின்னாலும் தானே போய் நின்றார்.

"ஏன்டா, ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?" என்று கேட்டாள் ஐடா.

வாசு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மேஸ்திரி குடிக்கறதில்ல, எங்கியும் போறதில்ல. அவருதுல ஒரு கெடுதியும் இருக்காதுன்னு..."

அவர் ஒழுக்கத்தைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள், புத்திசாலிகள்!

ஐந்தில் இரண்டு பேருக்குச் சீழ் இருந்தது. வாசு அதில் ஒருவன். அவனுக்கு ஊசி போட்டாயிற்று. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே அவன் கேட்டது ஒன்றுதான்.

"சிஸ்டர், ராஜத்துக்குத் தெரிய வேணாம்."

"தெரியாம எப்படிப்பா அவளுக்கு ஊசி போடறது? நீ தேறி வீட்டுக்குப் போனா அவகிட்டேருந்து உனக்குத் திரும்ப வரும். அவளுக்குக் கொழந்தையே இல்லாமப் போயிரும். வெளங்குதா?"

அவன் போய்விட்டான். டாக்டரோ, நோயாளி வேண்டாம் என்றால் நாம் சொல்ல முடியாது என்றார். நோயாளி ஒருவனா, இரண்டு பேரா என்று ஐடா கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஐடா திரும்பி வந்து மேஜையில் தொப்பென்று உட்கார்ந்தாள். எல்லாம் கையில் இருந்தது. நோயின் பெயர், நாள், டோக்கன், வீட்டு நம்பர், எல்லாம். வாயைத் திறக்கத்தான் வழி இல்லை.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயம்மா வந்து நின்றாள்.

"ஐடாம்மா, டாக்டராண்ட நீங்க எழுதிக் குடுத்த அந்த நாப்பத்தொண்ணுல நானும் கீறேனா?"

ஜெயம்மா இருக்கிறாள் என்பது நோட்டுகளை ஒப்பிட்ட நாளிலிருந்தே ஐடாவுக்குத் தெரியும். 1959 ஜூனில் ஜெயம்மாவின் புருஷனுக்கு ஊசி. செப்டம்பரில் ஜெயம்மா, அடிவயிற்று வலி, மிக்சர். மலடி என்று சொல்லி 1963-ல் அவளை விரட்டிவிட்டு அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். குறை ஜெயம்மாவிடம்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. டிஸ்பென்சரியில் ஆயா வேலைக்கு அவள் வந்து சேர்ந்ததும் அந்த வருடம்தான். செப்டம்பர் வரியில் இருந்த கையெழுத்து ஐடாவுடையது.

"கீற," என்றாள் ஐடா கடைசியில். "நான்தான் எழுதிக்கீறேன். என் கையாலதான் மருந்து குடுத்தேன்."

"அந்த மிக்சரு நல்லா தித்திப்பா இருந்துச்சு," என்றாள் ஜெயம்மா. பிறகு போய்ப் பாட்டில்களைக் கழுவினாள்.

மேலிடத்தின் மேலும் டாக்டரின் மேலும் வாசுவின் மேலும் இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து தன் மேலேயே வந்து விழுந்தது போல இருந்தது ஐடாவுக்கு. அவமானமாகவும் இருந்தது. ஒன்பது வருடம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து எத்தனை பாட்டில் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜெயம்மா வந்தபோது தனியாக வரவில்லை. இடுப்பில் குடத்தோடு ராஜம் கூட வந்தாள். குழாயடியிலிருந்து அப்படியே அழைத்து வந்திருக்கிறாள்.

"வாசு பேரையே நான் எடுக்கல," என்றாள் ஜெயம்மா. "எனக்கு வலி வந்ததச் சொன்னேன், அப்பொறம் ஆனதச் சொன்னேன். என் கதைய நான் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே?"

ராஜம் அழுது முடித்த முகத்தோடு நின்றாள். முழுவதும் அவளுக்குப் புரிந்திருந்தது. யார் மூலம் வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. "மாமியாகிட்ட சத்து ஊசின்னு சொல்லிக்கறேன், சிஸ்டர். போடுங்க," என்றாள். பத்து நாள் தவறாமல் குடத்தோடு வந்தாள். வாசுவும் வந்தான், வேறு நேரத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஐடா ஆண்கள் நோட்டைத் திறந்தாள். வாசுவின் டோக்கன் நம்பருக்கு நேரே, 'வீட்டுக்காரி வந்தாள்' என்று எழுதினாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து மீதிப் பக்கம் முழுக்க ஒரு கோடு இழுத்து, ஒவ்வொருவன் மனைவியும் வந்தாளா என்று குறிக்கப் புதுக் கட்டம் போட்டாள். யார் உத்தரவு என்று டாக்டர் கேட்டார். ஐடா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

அப்படியும் எல்லாரும் வந்துவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டத்தில் பாதிக்குப் பாதி காலியாகவே இருந்தது. ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் ஐடா ஒரு தரம் கத்தினாள், ஜெயம்மா ஒரு தரம் குழாயடிக்குப் போனாள்.

1969 ஜனவரியில் ராஜத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரம் கழித்து அவள் மாமியார் வெங்கடம்மா வெற்றிலை பாக்கோடு வந்தாள்.

"நாளான்னிக்குத் தொட்டில் போடறோம், நர்ஸம்மா. கட்டாயம் வரணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ஆயாவ மட்டும் கூட இட்டுக்கினு வராதீங்க. கொழந்தை இல்லாதவ. தப்பா எடுத்துக்காதீங்க."

ஐடாவின் கண்ணாடி மேஜைக்கு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால் வாசுவைச் சொல்ல வேண்டும், ராஜத்தைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு டூட்டி கீது. வர முடியாது," என்று மட்டும் சொல்லி வெற்றிலையைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் ராஜம் குழந்தைக்கு எடை பார்க்க வந்தாள். வரிசையில் நிற்கவில்லை, தராசுப் பக்கமும் வரவில்லை. நேரே பின்பக்கம், ஜெயம்மா பாட்டில் கழுவுகிற இடத்துக்குப் போனாள். ஐடா பின்னாலேயே போனாள்.

"அக்கா, நாளைக்கு எங்க வீட்டுல உங்கள விடமாட்டாங்க," என்றாள் ராஜம். "இன்னிக்கே தூக்கிக்கோங்க."

ஜெயம்மா கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். ஆறு வருடமாக அந்த டிஸ்பென்சரியில் ஒரு தாயும் தன் குழந்தையை அவள் கையில் கொடுத்ததில்லை.

"தலைய எப்படிப் புடிக்கணும், ஐடாம்மா?" என்று கேட்டாள்.