சாமிப் படத்துக்குப் பின்னால ஒரு சேர்வர்

என்ரை தம்பியின்ரை வலது கையை எங்கடை முற்றத்தில வைச்சுத்தான் வெட்டினாங்கள். பட்டப்பகல். மூண்டு மோட்டார் சைக்கிளில, முகத்தில கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தாங்கள். கேற்றை உதைச்சுத் திறந்து, ஜன்னல் கண்ணாடியெல்லாம் கொத்தி நொருக்கி, தடுக்கப் போனவன்ரை கையில வாளைப் போட்டாங்கள். நான் கிணத்தடியில இருந்து ஓடி வரேக்க அவன்ரை ரெண்டு விரல் சீமெந்தில கிடந்தது. கரப்பந்தாட்டப் போட்டியில நடந்த ஒரு வாய்த்தர்க்கத்துக்காம் இவ்வளவும். நான் கத்தின கத்துக்கு அயலட்டையில ஒரு சீவன் எட்டிப் பாக்கேல்லை. உள்ளுக்கிருந்து கதவைப் பூட்டின சத்தம்தான் கேட்டது. நாசமாப் போவாங்கள், அதை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை.

போகேக்க, வீட்டைச் சுத்திப் பூட்டியிருந்த கமெராவின்ரை காட்சி பதியிற பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு போயிட்டாங்கள். தேட வேண்டிய கஷ்டமே அவங்களுக்கு இருக்கேல்லை. எங்கடை ஊரில கமெரா பூட்டின எல்லாரும் அந்தப் பெட்டியை ஹோலில, ரீவிக்குப் பக்கத்தில, வாற போற சனம் பாக்கட்டும் எண்டுதானே வைக்கிறது. கலியாணப் படத்துக்கும் விளையாட்டுக் கப்புக்கும் நடுவில பச்சை லைற் மினுங்கினால் வீட்டுக்கு ஒரு மதிப்பாம். வெட்ட வாறவனுக்கும் அது தெரியும்.

"காட்சி இருக்கோ?" எண்டு பொலிஸ்காரர் கேட்டார். இல்லை எண்டன். "அப்ப நாங்கள் ஆரைப் பிடிக்கிறது, பிள்ளை?" எண்டு போட்டுப் பேனையைப் பொக்கற்றில குத்திக்கொண்டு போயிட்டார்.

அம்மா அப்பா செத்துப்போன பிறகு அந்த வீட்டில நானும் தம்பியும்தான். ஆஸ்பத்திரியால வந்தவன் செய்த முதல் வேலை, எங்கையோ ஒரு வாளை வாங்கி மெத்தைக்குக் கீழ வைச்சதுதான்.

"சந்தியில நிண்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறானே, உவன்தான் அக்கா. உவனை வெட்டாமல் விடமாட்டன்."

"நீ முகத்தைக் கண்டனியோ?"

"சிரிப்புக் காணாதோ?"

"சிரிச்சவனையெல்லாம் வெட்ட வெளிக்கிட்டால் யாழ்ப்பாணத்தில ஆர்ரா மிஞ்சுவினம், விசரா!" கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுத்தன். குடுத்துப்போட்டு நான்தான் அழுதன். இவன் ஆரையோ வெட்டி, பொலிஸ் பிடிச்சு மறியலில அடைச்சால் எனக்கு உலகத்தில வேற ஆர் இருக்கினம்?

கடைசியில ஒரு உடன்பாட்டுக்கு வந்தம். ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில பதியிற மெசின் ஒண்டு கட்டுறது. பெட்டி எந்த முகத்தைக் காட்டுதோ அந்த முகத்தைப் பொலிசிட்டைக் குடுக்கிறது. அதுவரைக்கும் வாளைத் தொடுறேல்லை. இடக்கையால கற்பூரத்தை அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணினான்.

இடம் சாமியறை. அண்டைக்கு அவ்வளவு நொருக்கினவங்கள் சாமியறை வாசலை மட்டும் மிதிக்கேல்லை. அவங்களும் எங்கடை சனம்தானே. மனிசரை வெட்டுவாங்கள், சாமியறைக்குள்ள செருப்போடை போகப் பயம்.

எனக்குக் கொம்பியூட்டரும் தெரியாது மண்ணாங்கட்டியும் தெரியாது. படிச்சவன் தம்பி. அவன் சொல்ல, அவனுக்கில்லாத விரல்களுக்கு நான் வேலை செய்தன். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில பழைய சாமான் விக்கிற கடையொண்டில, ஏதோ ஒபீசில கழிச்ச கொம்பியூட்டர் ஒண்டை எடுத்தம். புரொசெசர் இல்லை, மெமரியும் இல்லை. கடைக்காரர் எட்டுக் கோர் புரொசெசர் ஒண்டைத் தூக்கிக் காட்டி, மலிவு, கொண்டு போங்கோ எண்டார்.

"வேண்டாம் அண்ணை," எண்டான் தம்பி. "உதுக்குப் படம் காட்டத் தனிக் கார்ட் வேணும். சூடும் கூட, காத்தாடி ஊளையிடும்." சாமியறைக்குள்ள காத்தாடி ஊளையிட்டால் விளங்கினமாதிரித்தான். மதர்போட்டின்ரை நம்பரைப் போனில தேடி, அது ஏற்கிற புரொசெசர் எதெதெண்டு பாத்து, சூடாகாத சின்னனொண்டை எடுத்தான். நாலு கமெராவுக்கு அது காணுமாம்.

மெமரியில மாட்டுப்பட்டம். திருவிழாவுக்குக் கனடாவால வந்த மச்சான், தான் வேலை செய்யிற இடத்தில எறிஞ்ச மெமரியைச் சொக்கிலேற்றோடை சேத்துக் கொண்டு வந்து தந்தார். வெளிநாட்டுச் சாமானை வேண்டாமெண்டு சொல்லுற வழக்கம் எங்களிட்டை எங்கை இருக்கு? போட்டம். டக்கெண்டு வடிவா இறங்கினது. ஸ்கிரீன் இருட்டு. கீக், கீக் எண்டு பெட்டி கத்தத் தொடங்கியிட்டுது.

"உது பெரிய சேர்வருக்குச் செய்தது, மச்சான். இடையில ஒரு சிப் கூட இருக்கு. பள்ளத்துக்குள்ள இறங்கும், ஆனா இந்த போர்ட் ஏற்காது," எண்டான் தம்பி.

"கனடாச் சாமான் பிழைக்காதடா! உங்கடை அமத்தல்தான் காணாது," எண்டு போட்டு மச்சான் பெருவிரல் ரெண்டாலையும் அமத்த, போர்ட் வில்லுமாதிரி வளைஞ்சுது. எனக்கு எங்கையிருந்து வந்ததோ தெரியாது, நெஞ்சில பிடிச்சு ஒரு தள்ளுத் தள்ளினன். ஆள் பூக்கூடைக்கு மேல போய் இருந்தார். மெமரியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள எறிஞ்சன். மச்சான் அதுக்குப் பிறகு எங்களோடை கதைக்கேல்லை, பெரிய நட்டமுமில்லை. அந்தக் கடையிலேயே சாதாரண மெமரி, ஒரே வேகத்தில ஒரு சோடி வாங்கிப் போட்டம். மெசின் சத்தமில்லாமல் எழும்பினது. முருகன் படத்துக்குப் பின்னால வைச்சு, கமெரா வயரையெல்லாம் அதில கொழுவி, முன்னுக்கு விளக்கைக் கொளுத்தினன்.

பொலிசுக்குப் போனதுக்கு எண்டு திரும்பவும் வந்தாங்கள். ஊர்ச்சனமெல்லாம் தேருக்குப் போயிருந்த நேரம். குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்ட நான் அகப்பட்டுப் போனன், வெளியால கதவைக் கொழுவிப் போட்டாங்கள். கண்ணாடி உடையிறதும் தம்பியின்ரை குரலும் கேட்டுது. பிறகு ஆரோ ஒரு பெடியன் ஐயோ, ஐயோ எண்டு குழறினான். அது தம்பியின்ரை குரல் இல்லை.

தம்பி வந்து கதவைத் திறந்துவிட்டு, குழறினவனை ஏத்திக்கொண்டு அம்புலன்ஸ் போனபிறகு, பதிஞ்சதை ரெண்டு பேருமாச் சாமியறையில இருந்து பாத்தம். பெட்டி தான் செய்ய வேண்டியதை ஒரு துளி பிசகாமல் செய்திருந்தது. வந்தவங்கள் எல்லாருக்கும் முகத்தில துணி இறுக்கம். தம்பி வாளோடை பாய, ஓடினாங்கள். ஒருத்தன் கேற்றடியில இடறி விழுந்தான். ரெண்டு கையாலையும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தவனைத் தம்பி இடக்கையால வெட்டினான். திரும்பவும் வெட்டினான். மூண்டாந்தரம் ஓங்கேக்க மதிலாலை ஒருத்தன் குதிச்சு, அவனைப் பின்னால கட்டிப்பிடிச்சு வாளைப் பறிச்சான். சந்தியில நிண்டு சிரிக்கிறவன். அவன் வராட்டி அந்தப் பெடியன் செத்திருப்பான்.

வாளால வெட்டின ஆக்களுக்குள்ள முகம் தெரிஞ்சது ஒரே ஒருத்தன்ரைதான்.

நான் ஓடிப்போய் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தன். முருகன் படத்தோடை சேத்து அடிச்சு நொருக்கத்தான் ஓங்கினன். தம்பி குறுக்கை வந்து நிண்டான்.

"தள்ளடா! உன்னை மறியலுக்கு அனுப்பவோ நான் உதைக் கட்டினனான்?"

"பெட்டி காட்டுற முகத்தைக் குடுக்கிறதெண்டுதானே அக்கா கற்பூரம் அடிச்சனான்?" எண்டான். "வாளைத் தொடமாட்டன் எண்டதை முறிச்சுப்போட்டன். மிச்சத்தையும் முறிக்கச் சொல்லாதை."

கேற்றடியில ஜீப் வந்து நிண்டுது. அதே பொலிஸ்காரர். கண்ணாடித் துண்டுகளை மிதிச்சுக்கொண்டு வாசலுக்கு வந்து, அதே கேள்வியைக் கேட்டார். இல்லை எண்டு சொல்ல நான் வாயைத் திறந்தன்.

"இருக்கு ஐயா," எண்டான் தம்பி. "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ."