ஊசி ஒன்று, சகலைகள் இருவர்

அந்தக் கார் பட்டறையில் பெயின்டரும், ஒடுக்கு எடுக்கும் டிங்கரும் சகலைகள். டிங்கர், பெயின்டரின் மனைவியுடைய அக்காளைக் கட்டியவர். ஒரே வீட்டில் கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம். வேலைக்குப் போவதும் ஒரே பைக்கில்.

டிங்கருக்கு முதுகுவலி. பாதி நாள் காருக்கடியில் படுத்துக் கிடப்பவருக்கு வராமல் இருக்குமா? தெரிந்த மருந்துக்கடையில் சொல்லி, வலிக்கான ஊசிமருந்தை முதலில் வாங்கி வந்தவர் பெயின்டர்தான்.

"ஒரு தடவை போட்டுப் பாருங்க சகலை, வலி பறந்துடும்."

வலி பறந்தது; மருந்தின் போதை ஒட்டிக்கொண்டது. பெயின்டருக்கு எந்த வலியும் இல்லை, சும்மா துணைக்குப் போட்டுக்கொண்டார். ஆறே மாதத்தில், சாப்பாட்டு நேரமானால் இருவரும் பெயின்ட் அடிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஆயிற்று. ஊசி ஒன்றுதான். மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டார்கள். சில நாள் பக்கத்துப் பட்டறை ஆட்களோடும் அதே ஊசிதான்.

அடுத்த இரண்டு வருடத்தில் டிங்கர் மெலிந்தார். வாயெல்லாம் புண். சுத்தியலைத் தூக்கவே தெம்பில்லை. பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. அவர் மனைவிக்கு இல்லை. பெயின்டருக்கும் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை.

"உம்ம உடம்பு இரும்பு சகலை! வைரஸே பல்லு ஒடிஞ்சு திரும்பிப் போயிருக்கும்" என்று டிங்கர் சிரித்தார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதைப் பெயின்டர் நிஜமாகவே நம்பிவிட்டார். டிங்கர் எச்.ஐ.வி.க்கான மாத்திரையைத் தொடங்கி ஊசியை விட்ட பிறகும் இவர் விடவில்லை. கையில் கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்டார், யாருடையது என்றுகூடக் கேட்காமல்.

டிங்கருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா விஷயம் தெரிந்து, பெயின்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பொறக்கும்போதே நம்ம உடம்புல ஒரு காவல் இருக்கு. எது உள்ள வந்தாலும் மொதல்ல பாயற அணுக்கள். உங்களுக்கு அது நல்லா வேலை செஞ்சிருக்கலாம். வெறும் அதிர்ஷ்டமாவும் இருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப எனக்கு வராதுங்களா?"

"நீங்க போடற மருந்து அந்தக் காவலையே தூங்க வைக்குதுங்க. உங்க சகலை இவ்வளவு சீக்கிரம் படுத்ததுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்."

தலையாட்டிவிட்டு வந்தவர் அன்று மதியமே பெயின்ட் அறைக்குப் போனார். தானாக நிறுத்தியும் பார்த்தார். மூன்று நாள் உடம்பு உதறியது, மூக்கு ஒழுகியது, கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. நான்காம் நாள் அவர் கால்களே அவரை மருந்துக்கடைக்குக் கூட்டிப் போயின.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மாடியில் சகலை இருமும்போதெல்லாம் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழும்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லேன்னு சந்தோஷப்படக்கூட முடியலைங்க. மேல அக்கா இருக்கா" என்றாள் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனார். மனைவியின் அக்காள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மருந்தை மொதல்ல வாங்கிட்டு வந்தது நான்தான்."

"தெரியும் தம்பி. அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா நீங்க அழுவீங்க. உங்களையும் நானே தேத்தணும். எனக்கு ஏது நேரம்? மொதல்ல அதை நிறுத்துங்க."

மறுநாள் அவரே போய் மருத்துவமனையில் பேர் கொடுத்தார். ஊசிக்குப் பதிலாக அங்கே, உடம்பு உதறலை அடக்கும் மாத்திரை. தினமும் காலையில் நர்ஸ் எதிரிலேயே நாக்குக்கடியில் வைத்து, அது கரையும்வரை உட்கார்ந்திருந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வரவேண்டும். ஒரு நாள் தவறினாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போக முடியவில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குக்கூட மனைவி தனியாகத்தான் போய்வந்தாள். இதற்கு நடுவே இரண்டு முறை வழுக்கி ஊசிக்குப் போனார். இரண்டு முறையும் திரும்பி வந்து நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. எச்.ஐ.வி. மாத்திரையில் டிங்கருக்கு உடம்பு தேறி, உட்கார்ந்து செய்யும் வேலைகளைச் செய்ய ஆரம்பித்தார். பெயின்டருக்கு மறுபடியும் பரிசோதனை. முடிவை வாங்கிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார்.

"என்ன சகலை சொன்னாங்க?" என்றார் டிங்கர்.

"இல்லையாம்."

"நல்லதாப் போச்சு."

டிங்கர் குனிந்து கார்க் கதவைத் தட்டத் தொடங்கினார். அந்தச் சின்ன ஒடுக்குக்கு அத்தனை அடி தேவையே இல்லை. பெயின்டர் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நிமிர்வதற்காகப் பக்கத்திலேயே நின்றார்.