லிசாவின் பெட்டியும் ஐந்து குப்பையும்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில் என் கடைக்கு வரும் பிலிப்பைன்ஸ் பெண்கள், ஊருக்குச் சாமான் அனுப்பப் பெரிய அட்டைப்பெட்டிகளை என்னிடம்தான் கேட்டு வாங்குவார்கள். இன்று காலை லிசா, மகனுக்காக ஒரு வருடமாகச் சேர்த்ததையெல்லாம் கட்டி, கார்கோ வான் வரும்வரை என் வாசலில் வைத்தார். பக்கத்தில் நான் எறியப் போட்ட வெறும் பெட்டிகள்.

குப்பை லொறி முந்திவிட்டது. தொழிலாளி லிசாவின் பெட்டியையும் தூக்கிவிட்டார்.

லிசா தன் மொழியில் "பசூரா, பசூரா" என்று கத்தினார். அவருடைய சிநேகிதி ஜோய் செபூ தீவுக்காரி. அவர் தன் ஊர்ச் சொல்லில் "சக்போட்" என்றார். இரண்டும் குப்பைதான். உடனே இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். லிசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த "கார்பேஜ்" வந்தது. ஜோய்க்கு ஹொங்கொங் வீட்டுவேலையில் பழகிய "ரபிஷ்". நான் என் பங்குக்கு, "அண்ணை, குப்பை, குப்பை" என்றேன்.

தொழிலாளிக்கு "ரபிஷ்" மட்டும் விளங்கியது. "ஓம் முசியு, தெரியும். அதுதானே எடுக்கிறன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு லொறிப் பக்கம் நடந்தார்.

ஓடிப்போய்ப் பெட்டியின் மறுபக்கத்தைக் கட்டிப்பிடித்தேன். லிசா மூச்சு வாங்க, "என்ரை மகன்ரை" என்று பிரெஞ்சில் சொன்னார். அந்த மனிதர் பெட்டியைத் தூக்கிவந்து, கடைக்குள்ளேயே மெதுவாக வைத்தார்.

"மதாம், இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

பெட்டி வானில் ஏறிவிட்டது.

குப்பைக்கு ஐந்து சொல் தெரிந்த எங்கள் மூன்று பேருக்கும், அதோடு "இல்லை" என்று சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.